போட்டுப் பார்க்காத தொப்பி

மேக்கன், ஜார்ஜியா
மார்ச் 3, 1949

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்திருப்பதாக நர்ஸ் எழுதிய அட்டை வந்தது. நீங்கள் எழுதியிருந்தால் இருமலே இல்லை என்று எழுதியிருப்பீர்கள். அதனால் நர்ஸையே நம்புகிறேன்.

நீங்கள் அந்த மலைக்குப் போய்ப் படுத்த பிறகு நம் பத்திரிகை ‘லாந்தர்’ ஒரு வாரம்கூடத் தவறவில்லை. லெமுயல் அச்சுக்கோக்கும் மெஷினை வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருக்கிறார். வழக்கம்போல அது அவர் பேச்சைக் கேட்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் இதைப் படிக்கும்போது பத்திரிகை வெளியே போயிருக்கும். அதனால் அனுமதி கேட்பதாக நினைக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை வெர்னெல் பீசன் ஆபீசுக்கு வந்தாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாளே, நம் சபைப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பாளே, அவள்தான். கிட்ரெட்ஜ் கடையில் ஈஸ்டருக்கென்று ஒரு தொப்பியைச் சொல்லிவைத்துக் குளிர்காலம் முழுக்கத் தவணை கட்டியிருக்கிறாள். கடைசித் தவணையையும் கட்டிவிட்டு, கடைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரே ஒருமுறை தலையில் வைத்திருக்கிறாள். அங்கே விற்பனைக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண் அதைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாளாம். மேனேஜர் பெல்லமி ஓடிவந்து, அந்தப் பெண்ணிடம் இவளை மன்னிப்புக் கேட்கவைத்திருக்கிறான். பணம் முழுக்கக் கட்டி இவளுக்கே சொந்தமான தொப்பி அண்ணா. அந்தப் பெண்ணுக்கு வயது இருபது இருக்கும். வெர்னெலுக்கு நாற்பத்தாறு.

“இதப் பேப்பர்ல போட்டுடாதீங்கக்கா, வேலை போயிரும்,” என்றாள் வெர்னெல். “ஈஸ்டர் அன்னிக்கு நான் இத வச்சிக்கிட்டு வருவேன். எனக்கு எடுப்பா இருக்கா இல்லியான்னு மட்டும் எழுதுங்க. எங்க வீட்டுக் கண்ணாடில ஒரு நேரத்துக்கு ஒரு கண்ணுதான் தெரியும்.”

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான் சபை வாசலில் நின்று யார் என்ன தொப்பியில் வந்தார்கள் என்று எழுதுவதும், அதற்காக ஊரே காத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் என் பத்தியில், ஒரு தேநீர் விருந்துக்கும் ஓர் இரட்டைக் குழந்தைப் பிறப்புக்கும் நடுவில் இரண்டு வரி சேர்த்தேன்: “வாங்குமுன் நம்மைத் தலையில் வைத்துப் பார்க்க விடாத கடையின் தொப்பியை இந்த ஈஸ்டர் முதல் இந்தப் பத்தி வர்ணிக்காது.”

வெர்னெல் பெயரைப் போடவில்லை. கடைப் பெயரையும் போடவில்லை. ஊரில் தொப்பி என்றால் எந்தக் கடை என்று எல்லோருக்கும் தெரியும்.

முட்டை சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
டீலியா

*

காசநோய் மருத்துவமனை, கறுப்பர் பிரிவு
மார்ச் 8

டீலியா,

உன் கடிதத்தைப் படித்ததும் காய்ச்சல் ஏறிவிட்டது. நர்ஸ் கேட்டாள், குடும்ப விஷயம் என்றேன்.

கிட்ரெட்ஜ் கடையின் அரைப்பக்க விளம்பரம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாதா? மூன்று வருஷம் போய் நின்றேன். முன்வாசல் வழியாக ஒருநாளும் விடவில்லை. சரக்கு இறக்கும் பின்வாசலில், மூட்டைகளுக்கு நடுவில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பெல்லமி என்னை “ஏய் கார்னீலியஸ்” என்றுதான் கூப்பிட்டான். என் வயதில் பாதி அவனுக்கு. இந்த மாநிலத்தில் கறுப்பர் பத்திரிகைக்குத் தானாக விளம்பரம் கொடுத்த பெரிய வெள்ளைக்காரக் கடை எத்தனை இருக்கிறது, சொல். அந்த அரைப்பக்கம் வந்த பிறகுதான் ‘லாந்தர்’ எட்டுப் பக்கம் ஆனது.

அதைத் தொப்பிக்காகத் தொலைக்கப் போகிறாய். நம் பிள்ளைகள் மழை ஒழுகும் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் ஜூரி நாற்காலியில் நம்மவன் ஒருவன் உட்கார்ந்ததில்லை. சண்டை போட வேண்டுமானால் போடத்தக்க சண்டை இருக்கிறது. பத்திரிகை உன் அலங்கார மேஜை இல்லை.

அடுத்த இதழில் அந்த இரண்டு வரியைத் திரும்பப் பெறு. அச்சுப்பிழை என்று போட்டால்கூடப் போதும்.

அண்ணன்

*

மேக்கன்
மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

திரும்பப் பெறவில்லை. அச்சுப்பிழை என்று போட்டால் லெமுயல் வேலையை விட்டுப் போய்விடுவார்.

பள்ளிக்கூடக் கூரையைப் பற்றி நீங்கள் ஒன்பது தலையங்கம் எழுதினீர்கள். ஒன்பதும் நன்றாக இருந்தன, நான்தான் பிழை திருத்தினேன். அவற்றைப் படித்தவர்கள் நானும் லெமுயலும் பாதிரியாரும். இந்த இரண்டு வரி வந்த சனிக்கிழமை காலை, அழகு நிலையத்தில் ஒருத்தியும் தலையை உலரவைக்கவில்லையாம். எல்லோரும் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

நம் டாக்டர் க்ரூட்டின் மனைவி செனோபியா நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை.

“என் தொப்பிய நீ எழுத மாட்டியாமே?”

“எந்தத் தொப்பிங்க?”

“பிப்ரவரிலயே வாங்கிட்டேன். லைலாக் கலரு. சின்ன வலை வச்சது. போன வருசம் எனக்கு நாலு வரி எழுதினே, ஞாபகம் இருக்கா?”

“வாங்கறப்ப வச்சுப் பாத்தீங்களா?”

“எனக்கு வச்சுப் பாக்கணும்னே இல்ல. அளவு தெரியும். என்னை அவங்க ஒருநாளும் மரியாதைக் குறைவா நடத்தினதில்ல.”

“அப்ப மத்தவங்கள அப்படி நடத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.”

கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, “நீ உன் அண்ணன் பத்திரிகையக் கொளுத்தறே டீலியா,” என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தவில்லை.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. பெல்லமி வெள்ளிக்கிழமை போன் செய்தான். அந்த வரி தன் கடையைப் பற்றியா என்று கேட்டான். “உங்க கடைல வச்சுப் பாக்க விடுவீங்கன்னா உங்களப் பத்தி இல்லீங்க,” என்றேன். விளம்பரம் நின்றுவிட்டது. இந்த வாரம் நான்கு பக்கம்தான்.

டீலியா

*

மருத்துவமனை
மார்ச் 17

டீலியா,

நான்கு பக்க ‘லாந்தர்’ இங்கே வந்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

பெல்லமிக்கு நானே எழுதிவிட்டேன். நோயாளியாகக் கிடக்கும் நேரத்தில் என் அனுமதியின்றி என் தங்கை செய்த காரியம் இது, இனி அந்தப் பத்தி வராது, ஆபீஸ் பொறுப்பு லெமுயலிடம் போகிறது என்று எழுதியிருக்கிறேன். சாவியை அவரிடம் கொடுத்துவிடு.

உன்மேல் கோபத்தில் செய்யவில்லை. பத்திரிகை இல்லாத ஊரில் நம்மவர்களை அடித்தாலும் கொன்றாலும் எழுத ஆள் கிடையாது. அந்த வாய் மூடிவிடக் கூடாது என்றுதான் செய்கிறேன்.

கார்னீலியஸ்

*

மேக்கன்
மார்ச் 22

திரு. கார்னீலியஸ் ரஃபின் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெல்லமி கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். தொப்பிப் பிரிவு மேஜைமேல் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறான். நம் பெண்கள் யார் போனாலும் விரலால் தட்டிக் காட்டுகிறானாம். “பாருங்க, உங்க பேப்பர்காரரே எழுதியிருக்காரு.”

சாவியை லெமுயலிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, ஆணியில் மாட்டிவிட்டு, “எனக்குக் கோக்கத்தான் தெரியும் டீலியாம்மா. எழுதினதக் குடுங்க,” என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அன்று மாலை வரை வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. அழுதேன் என்று லெமுயல் எழுதினால் நம்ப வேண்டாம்.

மறுநாள் திருமதி க்ரூட் மறுபடி வந்தார். கையில் கிட்ரெட்ஜ் பெட்டி. இந்தத் தடவை உட்கார்ந்தார். கடிதத்தைப் பார்க்கக் கடைக்குப் போயிருக்கிறார். பார்த்ததும் அவருக்கு மனசு ஒப்பவில்லை, தொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். பெட்டியைத் திறக்கவே இல்லை, சுற்றின நாடாகூட அப்படியே இருந்தது.

“அந்தப் பெல்லமி என்ன சொன்னான் தெரியுமா? ‘உங்க வீட்டுக்குள்ள போன தொப்பிய இனி யார் தலைல வைக்க முடியும் செனோபியா?’ன்னான். திருமதி க்ரூட் இல்ல, செனோபியாவாம். என் பொண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. பத்து வயசு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. என்னை நிமிந்து பாக்கவும் இல்ல.”

பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, “சொல்லு, என்ன செய்யணும்?” என்றார்.

இந்த வாரம் பத்தி வரும், ஈஸ்டருக்கு வீட்டில் கிடக்கும் பழைய தொப்பியில் வாருங்கள், அதைத்தான் எழுதுவேன் என்று. உங்களுக்கு விருப்பமில்லை என்றால் படிக்க வேண்டாம்.

அர்டீலியா டால்பர்ட்

*

மருத்துவமனை
ஏப்ரல் 1

டீலியா,

பத்து நாளாக எழுதத் தொடங்கிக் கிழிக்கிறேன். இது கிழியாமல் வந்து சேர்ந்தால் சரி.

பக்கத்துக் கட்டிலில் ஐசம் டேட் என்று ஒருவர், ரயிலில் கரி அள்ளியவர். வார்டுக்கு வரும் ஒரே ‘லாந்தர்’ என்னுடையதுதான். அவர்தான் உரக்கப் படிப்பார். நேற்றும் வாங்கி, முதல் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு நேரே உன் பத்திக்குப் போனார்.

“தலையங்கத்தப் படிக்கல?” என்று கேட்டேன்.

“கோவிச்சுக்காதீங்க ரஃபின். அது ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம் மாதிரி. நல்லதுதான் சொல்லும், எனக்குத் தெரிஞ்சதுதான். இந்தம்மா யாரு வீட்ல யாரு வந்தாங்கன்னு எழுதறாங்களே, அதுல என் சம்சாரம் பேரு ரெண்டு தடவ வந்திருக்கு. அதக் கத்திரிச்சு வச்சிருக்கேன்.”

காட்டினார். உண்மைதான். நடு ஜார்ஜியாவில் வெள்ளைக்காரர் பத்திரிகைகளில் அவர் மனைவி பெயர் ஒருநாளும் வந்ததில்லை, வந்தாலும் ‘திருமதி’ வந்திருக்காது. அந்தத் துண்டில் ‘திருமதி ஐசம் டேட்’ என்று இருந்தது. இருமல் வந்ததாகச் சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் பெல்லமிக்கு எழுதிய விஷயமும் வார்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்க் கட்டில் முடிதிருத்துபவர் இரண்டு நாளாக எனக்குச் சவரம் செய்ய மறுக்கிறார்.

பெல்லமிக்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். முதல் கடிதம் செல்லாது, பத்தி தொடரும், அதை எழுதுகிறவருக்கு என் முழு அதிகாரமும் உண்டு. இதையும் அந்தக் கண்ணாடிக்கடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். சவ அடக்கக்காரர் ஹார்பினைப் போய்ப் பார், அவர் தொழில் கிட்ரெட்ஜைச் சார்ந்ததில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியையும், ரயில் தொழிலாளர் சங்கத்தையும் கேள். எட்டுப் பக்கம் வராவிட்டாலும் ஆறு பக்கம் நிற்கும்.

ஆனால் ஒன்றை யோசித்தாயா? ஈஸ்டர் அன்று பாதிப் பேர் புதுத் தொப்பியோடு வந்துவிட்டால் நீ முடிந்தாய். வருஷத்துக்கு ஒருநாள் தலைநிமிர்ந்து நடக்கிற பெண்களிடம் நீ அந்த ஒருநாளையே கேட்கிறாய்.

அண்ணன்

*

மேக்கன்
ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்டதையே நினைத்துக்கொண்டு நேற்று காலை சபை வாசலில் நின்றேன். ஹார்பின் விளம்பரம் தந்தார், சங்கம் தந்தது, எல்லாம் சரி. ஆனால் பெண்கள் வராவிட்டால் அதெல்லாம் எதற்கு?

முதலில் வந்தவர் திருமதி க்ரூட். தலையில் ஒரு தொப்பி, அண்ணா, அதை எப்படிச் சொல்ல? முதல் உலகப் போருக்கு முந்தியது. அவருடைய மாமியாருடையதாம். வண்டிச் சக்கரம் அகலம். ஒரு பறவை முழுசாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது, ஒரு கண் இல்லை. சபைக்கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிந்தது. மகள் பின்னால் பெருமையாக அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“எழுதிக்க டீலியா,” என்றார். “இதுக்கு நாலு வரி பத்தாது.”

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பரணில் கிடந்தது, பெட்டியடியில் நசுங்கியது, பூச்சி அரித்தது. ஹார்பின் வீட்டு அம்மாள் துக்க வீட்டுத் தொப்பிக்கு மேலே காகிதப் பூ வைத்திருந்தார். பள்ளி ஆசிரியைகள் வரிசையாகக் கல்லூரிக் காலத்துத் தொப்பிகளில் வந்தார்கள். படிக்கட்டிலேயே போட்டி தொடங்கிவிட்டது.

“உன்னுது எந்த வருசம்?”

“இருபத்தி மூணு.”

“போடி, அதெல்லாம் புதுசு.”

மூன்றே மூன்று பேர் கிட்ரெட்ஜ் தொப்பியில் வந்தார்கள். ஒருத்தி வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, கழற்றிக் காரில் வைத்துவிட்டு வெறுந்தலையோடு உள்ளே வந்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இடம்விட்டு உட்காரவைத்தார்கள்.

கடைசியில் பாடகர் குழு. வெர்னெல் அந்தப் புதுத் தொப்பியை வைத்துக்கொண்டு வந்தால் எழுத மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன் என்று இராப்பகலாகக் கலங்கியிருந்தேன். குளிர்காலம் முழுக்கக் கட்டின தொப்பி அல்லவா. வந்தாள். தலையில் ஒரு வெள்ளைத் துணி. இஸ்திரி மேஜையில் கட்டிக்கொள்கிறதுதான். ஆனால் கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பாக, கத்தி முனைபோல் நிமிர்த்திக் கட்டியிருந்தாள். குழு எழுந்து நின்றபோது பின்வரிசையில் அவள் தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நாளை பத்தி அச்சுக்குப் போகிறது. முதல் வரி இது: “ஈஸ்டர் ஞாயிறன்று மிக நேர்த்தியான தலையலங்காரம் திருமதி வெர்னெல் பீசனுடையது, அதை அவரே செய்தார்.” பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “போடுங்கக்கா. ஸ்பெல்லிங் மட்டும் தப்பு விட்றாதீங்க,” என்றாள்.

ஆறு பக்கம் போதாது. எட்டு போடச் சொல்லிவிட்டேன்.

டீலியா

*

மருத்துவமனை
ஏப்ரல் 25

டீலியா,

அந்த ஒற்றைக்கண் பறவையை ஐசம் படித்தபோது வார்டே சிரித்ததில் நர்ஸ் ஓடிவந்தாள். சிரிப்பு நுரையீரலுக்குக் கெடுதல் என்று பத்திரிகையைப் பறித்துக்கொண்டு போனாள். பிறகு அவள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குச் சவரம் கிடைத்தது.

இப்போது கவனமாகக் கேள். பெல்லமி வருவான். வருஷ வியாபாரத்தில் ஈஸ்டர்தான் பெரிசு. விற்காத தொப்பிகள் அலமாரியில் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். வந்து, இனிமேல் கவனிக்கிறோம் என்று வாயால் சொல்வான். வாய்ப்பேச்சை ஏற்காதே. மூன்று வருஷம் அந்த வாயைப் பார்த்தவன் சொல்கிறேன். யாரும் போட்டுப் பார்க்கலாம் என்று அவன் கைப்பட எழுதி, விளம்பரமாக, நம் பத்திரிகையில் போடச் சொல். அச்சில் வந்ததை அவனால் விழுங்க முடியாது.

பின்வாசல் வழியாக வரச் சொல்லலாம் என்று ஐசம் சொல்கிறார். வேண்டாம். முன்வாசல் வழியாகவே வரட்டும்.

அண்ணன்

*

மேக்கன்
மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்தான். தொப்பியைக் கழற்றாமல் வந்தான், லெமுயல் எழுந்து நின்று அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கழற்றினான்.

“இந்தத் தகராற முடிச்சுக்கலாம் அர்டீலியா.”

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். திருமதி க்ரூட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது.

“திருமதி டால்பர்ட்,” என்றான்.

“உக்காருங்க பெல்லமி,” என்றேன்.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. முதலில் வாய்ப்பேச்சு, பிறகு கோபம், பிறகு பேனா. மூன்று தடவை எழுதினான், மூன்றையும் நான் திருத்தினேன். இரண்டாவதில் “எங்கள் கறுப்பு வாடிக்கையாளர்களும்” என்று இருந்தது. “எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும்” என்று மாற்றிக் கொடுத்தேன். அரைப்பக்கம் கேட்டான். முழுப் பக்கம்தான் இருக்கிறது என்று லெமுயல் மெஷினுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

விளம்பரம் வந்த சனிக்கிழமை காலை கடை திறக்குமுன்னே வாசலில் நம் பெண்கள் கூட்டம். வெர்னெல் தன் பெட்டியோடு நின்றாள். எல்லோரும் அவளை முன்னே விட்டார்கள்.

அதே பெண்தான் மேஜைக்குப் பின்னால். வெர்னெல் பெட்டியைத் திறந்து, தொப்பியை எடுத்து, அந்தப் பெரிய கண்ணாடி முன் உட்கார்ந்து தலையில் வைத்தாள். இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தாள். வெர்னெல் தன் பின்னந்தலையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?” என்று நான் மெல்லக் கேட்டேன்.

“எனக்கு எடுப்பா இல்லக்கா,” என்றாள். “முகத்த அமுக்குது. வேற காட்டச் சொல்லுங்க.”

வேறு காட்டினாள் அந்தப் பெண். மாற்றியும் கொடுத்தாள். போகும்போது “நன்றி, திருமதி பீசன்” என்றாள். நானே காதால் கேட்டேன்.

சலவைக்கூடத்தில் வெர்னெலின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளியம்மாள் அந்தப் பத்தியைக் கேட்டு வாங்கிப் படித்தாளாம்.

டீலியா

*

மருத்துவமனை
மே 14

அன்புள்ள டீலியா,

டாக்டர் நேற்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். இடப்பக்கம் ஆறிவிட்டது. ஜூன் கடைசியில் அனுப்புகிறேன் என்கிறார். உன் போன கடிதத்தை வார்டில் சுற்றுக்கு விட்டேன், இன்னும் என் கைக்குத் திரும்பி வரவில்லை. ஐசம் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறார்.

அந்த முழுப் பக்கத்தைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். விளம்பரத்துக்காக இல்லை. பின்வாசலில் மூன்று வருஷம் நின்று நான் ஓர் அரைப்பக்கம் வாங்கினேன். நீ அவனை நாற்காலியில் உட்காரவைத்து அவன் வாசகத்தையே திருத்தியிருக்கிறாய். மூட்டைகளுக்கு நடுவில் நின்ற நாளெல்லாம் நான் யாருக்காக நிற்கிறேன் என்று நினைத்தேனோ, அவர்கள் முன்வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். இதைவிட எனக்கு எழுத வரவில்லை.

நிறைய யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். திரும்பி வந்தாலும் பழையபடி ஓட என்னால் முடியாது, ஓடவும் வேண்டியதில்லை. அடுத்த இதழ் முதல் இரண்டாம் பக்கத்தில் ஆசிரியர் என்று உன் பெயரைப் போடு. மறுக்காதே. இது நான் சும்மா கொடுப்பதில்லை, நீ சம்பாதித்தது.

உன் அண்ணன்,
கார்னீலியஸ்

*

மேக்கன்
மே 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜூன் கடைசி என்ற வரியை லெமுயலுக்குப் படித்துக் காட்டினேன். மெஷினை அன்று முழுக்கத் திட்டவில்லை.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி. ஈஸ்டர் இதழிலிருந்தே என் பெயர்தான் ஆசிரியராக இருக்கிறது. அன்று இரவு லெமுயல் என்னைக் கேட்காமல் கோத்துவிட்டார், நானும் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். நான்கு வாரமாக வார்டில் அந்தப் பத்திரிகை சுற்றுகிறது, உங்கள் கண்ணில் படவில்லை. அங்கே உங்கள் பெயர் இருக்கும் என்று நினைத்து அந்த இடத்தை நீங்கள் பார்ப்பதே இல்லை. இப்போது எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் அதற்கு மேலே இருக்கிறது, நிறுவனர் என்று, என் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அந்த எழுத்தைத் தேர்ந்தது நான்.

ஜூரி நாற்காலி விஷயத்தை இனி எடுக்கலாம். கடை வாசலில் காத்து நின்ற நம் பெண்கள் இப்போது அடுத்தது என்ன என்று கேட்கிறார்கள், பள்ளிக்கூடக் கூரையைப் பற்றித் திருமதி க்ரூட்டே கேட்டார். ஆகவே ஒரு தலையங்கம் வேண்டும். உங்களைப்போல் எழுத எனக்கு வராது. ஆனால் இருநூறு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, பைபிள் வசனம் ஒன்றுக்கு மேல் கூடாது, யாராவது ஒரு பிள்ளையின் பெயர் அதில் வர வேண்டும். வியாழக்கிழமை மதியத்துக்குள் தபாலில் சேருங்கள். பிந்தினால் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஆசிரியர்